ரங்கண்ணனின் இடது குதிகால்

எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற நித்யா பிசியோதெரபி படித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவள் ரொம்பச் சலித்துக்கொண்டாள். கணுக்கால் பிடித்துக்கொண்டவர்களுக்கு வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைப் படம் பிடித்துப் போனில் அனுப்புகிறாளாம். எல்லோரும் பார்க்கிறார்களாம், கைகூப்புகிற பொம்மை ஒன்றையும் பதிலுக்கு அனுப்புகிறார்களாம். செய்கிறவர் மட்டும் ஒருத்தருமில்லையாம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிக்கா செய்ய வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"எங்க காலத்துலயும் யாரும் செய்யல கண்ணு. நல்லாக் கும்பிட்டாங்க" என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பட்டம், பட்டயம் எதுவும் கிடையாது. துண்டு மடிக்கவும் மெழுகு ஒத்தடச் சட்டியைச் சுரண்டிக் கழுவவும் சேர்ந்தேன். பார்த்தேன், கேட்டேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது ஜனங்களின் பேச்சு. டாக்டர் "மூட்டு இறுக்கம்" என்று ஒரே வார்த்தையில் எழுதியதை வருகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மதுக்கரையிலிருந்து வந்தவர், "கணுக்காலுக்குள்ள சிமிட்டியக் கொட்டித் தண்ணியும் ஊத்திப்போட்டாங்க அம்மணி" என்றார். பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி, "காலு என்னுதுதானுங்க. ஆனா வாடகைக்கு உட்ட மாதிரி இருக்குது, சொன்னாக் கேக்க மாட்டீங்குது" என்றார். இதையெல்லாம் கேட்பதற்காகவே நான் சம்பளமில்லாமலும் வந்திருப்பேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் காதில் அது விழாமல் பார்த்துக்கொண்டேன்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையில்லை. எலும்பு கூடிவிட்டது, காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, வெந்நீரில் கொஞ்ச நேரம் பாதத்தை வைத்து எடுக்கவேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பக்கம் ஒரு துண்டை மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டும். கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுத்து எழுதவேண்டும். பிறகு சுவர்ப் பயிற்சி. விரல்கள் சுவரைப் பார்த்திருக்க நின்று, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடவேண்டும். தொட்டுவிட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடியும். கடைசியாக எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, மெல்ல இறக்கவேண்டும்.

இவ்வளவுதான். ஆனால் நம் ஜனங்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். எழுத்தைக் காலால் எழுதச் சொன்னால் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எழுத்து சரஸ்வதியாயிற்றே. சரி, எழுத்து வேண்டாம், சைக்கிள் சக்கரம் மாதிரி சுழற்றுங்கள் என்று மாற்றிச் சொல்வேன். மில் தொழிலாளி ஒருத்தர் மட்டும் மறுபேச்சில்லாமல் எழுதினார். அவ்வளவு ஆசையாக எழுதுகிறாரே என்று என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய சூப்பர்வைசர் பேராம். இனிஷியலோடு எழுதினார். எங்கள் பிரிவிலேயே சீக்கிரம் குணமானவர் அவர்தான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சுசீலா மேடம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், பீளமேட்டுப் பக்கம். நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டார். மேசை மேல் காகிதம் ஒன்று கோணலாகக் கிடந்தால் நேராக வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நோயாளியின் காலை நீட்டிப் பிடிக்கும்போது வாய்க்குள் எண்ணுவார். தமிழில் எண்ணினால் சும்மா நீவுகிறார் என்று அர்த்தம். "ஒகட்டி, ரெண்டு" என்று தெலுங்கில் ஆரம்பித்தால் அழுத்தப்போகிறார். இது தெரிந்தவர்கள் "ஒகட்டி"யிலேயே கட்டிலின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த பயிற்சியைச் சொன்னால் முந்தையது தேறிவிட்டது என்று நாமே புரிந்துகொள்ளவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் ரங்கண்ணன் வந்தார். அன்னூரிலிருந்து காந்திபுரம் வரும் தனியார் பஸ் ஒன்றின் டிரைவர், ரங்கசாமி என்று பேர். அந்தத் தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. தூரத்தில் வரப்பு மேல் யாராவது கையைத் தூக்கினால் போதும், நிறுத்திவிட்டு, அவர்கள் நடந்து வந்து ஏறும்வரை காத்திருப்பார். இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. வைகாசியில் முன்பக்கக் கண்ணாடியைத் துடைக்க பம்பர் மேல் ஏறினவர் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

இடது கால் என்றால் கிளட்ச். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மடக்கி எடுத்து, மெல்ல மெல்ல விடவேண்டும். கணுக்கால் மடங்காவிட்டால் வண்டி தவளை மாதிரி தாவும். நின்றுகொண்டு வருகிற சனம் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழும்.

அவர் இடத்தில் செல்வம் என்ற ஆளைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். பஸ் முதலாளி கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் யார் ஏற்றுகிறார்களோ, டிரைவர் சீட்டு அவருக்குத்தான். அதற்குள் ரங்கசாமி கால் சரியாகி, டாக்டரும் ஓட்டலாம் என்று எழுதிக்கொடுத்தால் அவர் ஏற்றட்டும். இல்லாவிட்டால் பஸ் செட்டில் டயர் பார்க்கிற வேலை தருகிறேன் என்றார். ரங்கண்ணனுக்கு டயர் வேலை என்பது, பாடுகிறவரைப் பெட்டி தூக்கச் சொன்ன மாதிரி.

வாரத்துக்கு ஒருநாள் வருவார். முதல் நாளே நான் காலைப் பிடிக்கக் குனிந்தபோது, "அய்யய்யோ அம்மணி, காலத் தொடாதீங்க" என்று இழுத்துக்கொண்டார். இது தொட்டுப் பார்க்கிற ஆஸ்பத்திரிதானுங்கண்ணா என்று சமாதானம் சொல்லித்தான் பிடித்தேன். அதன்பின் வருகிறபோதெல்லாம் வீட்டில் செய்தீர்களா என்று கேட்பேன். "செஞ்சுபோட்டனுங்க" என்பார். துண்டு போட்டு இழுத்தீர்களா? "இழுத்துப்போட்டனுங்க." சுவர்? "அதுவும் ஆச்சுங்க." இப்படி ஒரு தங்கமான நோயாளியா என்று நான் பூரித்துப்போனேன்.

மேடம் பூரிக்கவில்லை. முதல் வாரம் சுவர்ப் பயிற்சியில் அவர் பாதம் எட்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். ஆவணி பிறந்தும் பாதம் அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை. முட்டி சுவரை நெருங்கும் முன்பே குதிகால் பூனை மாதிரி எழுந்துகொண்டது. மேடம் கெண்டைச்சதையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். ரங்கண்ணன் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு என்னிடம் திரும்பினார்.

"இந்தக் கால் வேலையே செய்யலை சரோஜா. வீட்டுக்குப் போயிட்டு வா. பேசிட்டு வராதே. பார்த்துட்டு வா."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் போனேன். போனதே அவருடைய பஸ்ஸில்தான், செல்வம் ஓட்டினார். நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி அடுத்த ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பி நடக்கும்போது என்னோடு இறங்கிய ஓர் அம்மா, "இவன் ஸ்டாப்புல நிறுத்தினா வண்டி கோவிச்சுக்கும்னு நெனைக்கிறானாட்ட இருக்குது" என்றார். அவர் எங்கே போகிறார் என்று கேட்டேன். ரங்கண்ணன் வீட்டுக்குத்தானாம், செல்வத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வர.

போய்ப் பார்த்தால், அந்த ஓட்டு வீட்டின் முன்கூடம் நிறைய ஆட்கள். காந்திபுரம் வரைக்கும் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் பிரதிநிதி அனுப்பின மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் பிஸ்கட் பாக்கெட், ஆரஞ்சுப் பழம். வாயில் செல்வம். ஒருத்தர் எழுந்தால் இரண்டுபேர் வருகிறார்கள். நடுவில் ரங்கண்ணன், இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் மடித்து ஒளித்துக்கொண்டு, எல்லோருக்கும் "சரிங்க, சரிங்க" என்கிறார்.

அவர் மனைவி கண்ணம்மாக்கா எனக்குக் காப்பி கொண்டுவந்தார். பயிற்சி எப்போது செய்வார் என்று கேட்டேன். அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மூச்சுவிடாமல் சொன்னார்.

"எங்கீங்க அம்மணி செய்யறது? இந்த ஊட்டுல அவரு கால நீட்டறதுக்கு ஒரு திக்கு இல்லீங்க. கெழக்கால சாமி படம். தெக்கால எங்க மாமியாரு படம். மத்த பக்கமெல்லாம் ஒறம்பரை. வந்தவங்க மூஞ்சிக்கு நேரா கால நீட்டுனா என்ன மரியாதைங்க? பொடக்காலிக்குப் போயிச் செய்யுங்கன்னு சொன்னேன். அங்க மாடு நிக்குதுங்களாமா. மாடும் லச்சுமிங்களாமா. காப்பி ஆத்தி ஆத்தி என்ற கைக்குத்தான் நல்ல எக்சசைஸ்."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி, சொந்தபந்தம் எல்லாமும்தான். பொடக்காலி, வீட்டின் பின்கட்டு. அந்தப் பின்கட்டில் நின்றுகொண்டுதான் ரங்கண்ணனைத் தனியாகப் பிடித்தேன். செய்யாததைச் செய்தேன் என்று எதற்கு அண்ணா சொன்னீர்கள் என்றேன்.

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்லீன்னு சொன்னா மேடத்துக்கு மனசு சங்கடப்படுமுங்களே" என்றார்.

வருகிறவர்களைக் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லலாமே என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை அப்படியே விட்டேன். "செல்வம் நல்லாத்தானுங்க ஓட்டறான். எனக்குத்தான் எலுமிச்சம்பழம் குடுப்பினை இல்லியாட்ட இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் வாசலில் இன்னொருத்தர் செருப்பைக் கழற்றினார். ரங்கண்ணன் முன்னே போய்க் கைகூப்பி, வலது காலை முன்னே வைத்து, முட்டியை மடக்கி, கொஞ்சம் குனிந்து, "வாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார். இடது கால் பின்னால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓசியில் நின்றது.

எனக்கு மண்டையில் பளிச்சென்றது. வலது காலுக்குப் பதில் இடது காலை முன்னே வைத்தால் அது எங்கள் சுவர்ப் பயிற்சியேதான். சுவருக்குப் பதில் ஒறம்பரை.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். கண்ணம்மாக்கா சொன்ன திக்குகளை எல்லாம் சொன்னபோதுகூட அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, என்னையே விருந்தாளியாக வைத்து, இடது காலை முன்வைத்துக் கைகூப்பி மடங்கிப் பார்த்தார். மறுபடியும் செய்தார். அந்த வழியாக வந்த டாக்டர் ஒருத்தர் எதற்கு சரோஜாவைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதும் மடக்கின முட்டியை எடுக்கவில்லை.

"முட்டி ரெண்டாவது விரலுக்கு நேரா போகணும். உள்பக்கம் சாயக்கூடாது. சும்மா தொட்டுட்டு எந்திரிக்கக் கூடாது. அவங்க சௌக்கியம்னு பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்படியே நிக்கணும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குதிகால் தூக்குதான்னு யாரு பார்க்கறது? அடியில ஒரு காகிதம் வை. உருவ முடிஞ்சா தூக்கிட்டாருன்னு அர்த்தம்" என்றார். வருகிறவரை வாசப்படி வரை போய் வழியனுப்புவாரா என்று கேட்டார். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்ப்பார் என்றேன். "அப்ப வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலை எக்கிப் பார்க்கட்டும். தூக்கறதைவிட இறக்கறது மெதுவா இருக்கணும்."

வாங்க என்பது ஒரு பயிற்சி, போய்ட்டு வாங்க என்பது இன்னொரு பயிற்சி. துண்டு இழுப்பதை மட்டும் கட்டிலில் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு செய்ய ரங்கண்ணன் சம்மதித்தார். மூடியிருந்தால் சாமி படத்துக்குத் தெரியாது என்பது கண்ணம்மாக்காவின் தீர்ப்பு.

காகிதத்துக்குக் கண்டக்டர் பாலு பொறுப்பெடுத்துக்கொண்டார். செல்வத்தோடு ஓடுகிற பஸ்ஸில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். காலை ட்ரிப் முடிந்ததும் வந்து, ரங்கண்ணன் குதிகாலுக்கு அடியில் ஒரு பழைய டிக்கெட்டைச் செருகிவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொள்வார். வந்தவர் நலம் சொல்லிக்கொண்டிருக்கும்போது டிக்கெட்டை இழுப்பார். கிழிந்தால் தேறிவிட்டது. முழுசாக வந்துவிட்டால், "அண்ணா, வித்தவுட்டுல நிக்கறீங்க. இன்னொருக்காக் கும்புடுங்க" என்பார். வந்த ஒறம்பரையும் மறுபடி வெளியே போய், செருப்பை மாட்டி, கழற்றி, உள்ளே வருவார். இந்த மரியாதைக்கு ஆசைப்பட்டே சிலர் ஒரே நாளில் காலையும் பொழுதோடவும் வந்தார்கள். ரங்கசாமி இந்தக் கும்பிடு கும்பிடுகிறாரே, பஞ்சாயத்து எலெக்சனில் நிற்கிறாரா என்று டீக்கடையில் பேச்சு எழுந்து, ஆகாத ஆள் ஒருத்தர் நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அவருக்கும் இடது காலில்தான் வணக்கம்.

சாக்பீஸ் கோடு நகர ஆரம்பித்தது. மேடம் பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் புதிய கோடு போட்டார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தரை கணக்கு நோட்டு மாதிரி ஆகிவிட்டது என்று பெருக்குகிற அம்மா முறைத்துக்கொண்டார்.

புரட்டாசி பாதியில் விழுந்தது இடி. அன்னூர்ச் சந்தைக்கு வந்த கூட்டம் மொத்தமும் சந்தை முடிந்து ரங்கண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பியிருக்கிறது. மனுஷன் ஒருத்தரையும் விடாமல் இடது காலால் மடங்கிக் கும்பிட்டிருக்கிறார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, ஓய்வு வேண்டும் என்றார். பூஜைக்கு இருந்தது கொஞ்ச நாள்தான். ரங்கண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து முதல்தடவையாக யாரையும் கும்பிடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் பார்க்கிற வேலைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிடட்டுங்களா என்று கேட்டார். நான் ஐஸ் எடுக்க ஓடினேன்.

மேடம் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்து, துணியில் ஐஸைச் சுற்றிக் கட்டினார். அப்புறம் அவர் பேசினார். அத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மருந்துக்கு அளவு உண்டுங்கல்ல? நல்லா இருக்குதுன்னு பாட்டிலோட குடிப்பீங்களா? வீக்கம் வத்தற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்தே கும்பிடுங்க. வத்துனப்புறம் காலைல கொஞ்சம் பேருக்கு, பொழுதோட கொஞ்சம் பேருக்கு எடது காலு. மத்தவங்களுக்கெல்லாம் வலது காலு."

ரங்கண்ணன் தயங்கினார். யாருக்கு இடது, யாருக்கு வலது என்று ஆள் பார்த்துச் செய்தால் பாரபட்சம் ஆகாதுங்களா என்றார்.

"எந்தக் காலுன்னு அவங்க பார்க்க மாட்டாங்க. உங்க மூஞ்சியத்தான் பார்ப்பாங்க" என்றார் மேடம். சொல்லிவிட்டு மேசை மேலிருந்த காகிதத்தை நேராக்கினார்.

வீக்கம் வற்றியது. பூஜைக்கு முந்தைய வாரம் டாக்டர் பார்த்து, அழுத்திப் பார்க்கச் சொல்லி, மடக்கிக் காட்டச் சொல்லி, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஆனால் முதலாளிக்குக் கையெழுத்து மட்டும் போதாது. அவர் கண்ணால் பார்க்கவேண்டும். வண்டி தவளை மாதிரி தாவினால் செல்வத்துக்கே சீட்டு என்று திரும்பவும் சொல்லியனுப்பினார்.

ஆயுத பூஜையன்று கண்ணம்மாக்கா கூப்பிட்டதற்காக நானும் மேடமும் போனோம். பஸ் செட்டில் வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். ரங்கண்ணன் ஏறி உட்கார்ந்தார். செல்வம் ஓரமாகக் கைகட்டி நின்றார், அவர் முகத்திலும் பதைப்பு இருந்தது. முதலாளி சூடத்தட்டோடு முன்னால் நின்றுகொண்டு, பஸ்ஸைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்தார். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்படியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று, அந்த இடது காலையே பார்த்தார். அவர் வாய் அசைந்தது. தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தார்.

வண்டி நகர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. பழம் நசுங்குகிற சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கி, பின்சக்கரமும் ஏறி, செட் வாசல் தாண்டி ரோட்டில் மூக்கை நீட்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஐயோ, கால் பிடித்துக்கொண்டதா என்று எனக்குத் திக்கென்றது.

கால் பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கம் கூடையோடு ஒரு பெரியம்மா கையைக் காட்டியிருந்தார். அவர் ரோட்டைத் தாண்டி வந்து, வாழைமரத்தை விலக்கி ஏறி, கூடையை என்ஜின் பெட்டி மேல் வைத்துவிட்டு, "சரவணம்பட்டி போவுங்களா சாமி?" என்றார்.

இன்றைக்குப் பூஜை, ட்ரிப் கிடையாது என்று யாரும் சொல்லலாம். ரங்கண்ணனால் மட்டும் முடியாது. "போவுங்க, உக்காருங்க" என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டார். கண்ணம்மாக்காவும் பொரி வாங்க வந்தவர்கள் பாதிப்பேரும் எங்கள் பின்னாலேயே ஏறி உள்ளே இருந்தார்கள். பாலு விசிலடித்தபடி ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

பின்னால் முதலாளி ஒரு கையில் சூடத்தட்டும் இன்னொரு கையில் உடைக்காத பூசணிக்காயுமாக ரோட்டுக்கு வந்து நின்று கத்தினார்.

"ஏனுங் ரங்கசாமி, பூசணிக்காய் சுத்தறதுக்குள்ள எங்கீங்க கெளம்பிட்டீங்க? நாளையிலிருந்தாச்சும் டைமுக்கு எடுங்க. உங்களால ஒரு நாளாச்சும் என்ற வண்டி நேரத்துக்குப் போயிச் சேந்திருக்குதுங்களா?"

நாளையிலிருந்து என்று முதலாளி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. கண்ணம்மாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ரங்கண்ணன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சரிங்க மொதலாளி" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, கொஞ்ச தூரத்தில் வரப்பு மேல் ஒருத்தர் கையைத் தூக்கினார். இடது பாதம் கிளட்ச்சுக்குப் போனது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "குதிகால் தரையில இருக்கு" என்று சொல்லிக் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்து பொரியைச் சாப்பிட ஆரம்பித்தார்.